ஆவுடைநாயகத்தின் நான்கு ஸ்பீக்கர்கள்

சுரண்டையில் ஆவுடைநாயகம் என்றொரு மனிதர் இருந்தார். இருந்தார் என்பதைவிடப் பேசினார் என்று சொல்வதே சரி, ஏனென்றால் அவர் பேசாமல் இருந்த நேரங்களில் அவர் இருந்ததாகவே ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. பட்டிமன்ற நோட்டீஸ்களில் அவர் பெயருக்கு முன்னால் 'சொல்மாரி' என்று அச்சாகியிருக்கும். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று அவரிடம் கேட்டால் "மக்கள்" என்பார், அச்சகத்தில் கேட்டால் "அவருதான் எழுதிக் குடுத்தாரு" என்பார்கள். நாலு பேர் பேசும் அணியில் அவர் எப்போதும் மூன்றாவது ஆள். முதலில் பேசுகிறவருக்குக் கூட்டம் ஆவலாக இருக்கும், கடைசியில் பேசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், மூன்றாவது ஆள் பேசும்போதுதான் சனங்கள் எழுந்துபோய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆவுடைநாயகத்துக்கு இது தெரியும். தெரிந்ததால், எழுந்து போகிறவர்களைப் பிடித்து உட்காரவைக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது அவருடைய காரைப் பார்ப்போம்.

தென்காசி வக்கீல் ஒருவர் ஓட்டிச் சலித்து விற்ற எலிக்கலர் கான்டெஸா அது. தெரு குறுகல், வண்டி நீளம். ஆகவே அவர் வீட்டு வாசலில் நிறுத்தினால் பின்பாதி பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி வாசலில் நிற்கும். முன்கதவுகளில் இரண்டும், பின்கண்ணாடிக்குக் கீழே பலகையில் இரண்டுமாக நாலு ஸ்பீக்கர்கள் இருந்தன. இருபது வருடத்து வெயிலில் அவற்றின் பேப்பர் நைந்து, ஓரத்து வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்து, என்ன கேசட்டைப் போட்டாலும் பொரிகடலைப் பொட்டலத்துக்குள் அகப்பட்ட வண்டு மாதிரிதான் பாடும். "ஸ்பீக்கர மாத்திரலாம் அண்ணாச்சி" என்று டிரைவர் மாசானம் வாரம் ஒருமுறை சொல்வான். "நான் பின்சீட்டுல இருக்கும்போது வேற ஸ்பீக்கர் என்னத்துக்குல?" என்று ஆவுடைநாயகம் வாரம் ஒருமுறை பதில் சொல்வார், சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தெரியும் மாசானத்தின் முகம் சிரிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கடையநல்லூரில் ஒரு திறப்பு விழாவில் பேசிவிட்டு, வழியெல்லாம் மாசானத்திடம் அதே பேச்சை மறுபடியும் பேசிக்கொண்டே வந்து, உச்சி வெயிலில் வீட்டு வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, "உலகு, குடிக்கத் தண்ணி கொண்டா" என்று அவர் சொன்னபோது, வாய் திறந்தது, உதடு அசைந்தது, குரல் மட்டும் தெருவில் நின்ற காருக்குள்ளிருந்து, நாலு கிழிந்த ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒன்றாக, கரகரவென்று வந்தது.

அவருடைய மனைவி உலகம்மாள் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. அன்று உள்ளூர் விடுமுறை, வீட்டில் இருந்தாள். அவள் வெளியே வந்து அவர் வாயைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு காரைப் பார்த்தே கேட்டாள்:

"வெந்நீரா, பச்சத் தண்ணியா?"

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை, வீடு அப்படியே இருக்கிறது, குடியிருந்தவர்தான் இடம் மாறிப் போயிருக்கிறார் என்றார். சண்முகக்கனி, "பேசுத பேச்சுக்கு ஒரு தொண்டை எத்தன வருசம் தாங்கும்? அது எடம் பாத்துப் போயிட்டு" என்றார். அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் நேரமில்லை, வெங்காயம் வந்து சந்தையில் குவிகிற மாதம் அது.

ஊர் அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள எட்டு நாள் ஆனது. சந்தை முக்கு டீக்கடையில் போய் அவர் உட்கார்ந்து வாயை அசைத்தால், இரண்டு தெரு தள்ளி நிற்கும் காரிலிருந்து "ஒரு டீ, சீனி கம்மி" என்று கிளம்பும். அதைச் சண்முகக்கனி கேட்டு, தையல் கடைக்காரரிடம் சொல்லி, அவர் எதிரே உரக்கடைக்குச் சொல்லி, உரக்கடை டீக்கடைக்குச் சொல்லும்போது சில நாள் அது காபியாக ஆகியிருக்கும், ஆவுடைநாயகமும் குடித்துவிட்டு வருவார். கோவிலுக்குள் அவர் கண்ணை மூடிப் பதிகம் பாடினால் சாமிக்குக் கேட்காது, வெளியே பூ விற்கிறவர்களுக்குத்தான் கேட்கும். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து தாடைக்குள்ளேயே அவர் முனகிக்கொண்ட ஒரு வாக்கியம், அது சண்முகக்கனியின் மருமகனைப் பற்றியது, சண்முகக்கனி வாசலில் நின்ற வண்டியின் பின்பாதியிலிருந்து தெளிவாகக் கேட்டுவிட்டதில் இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. பேச்சு வார்த்தை இல்லை என்பதும் ஒரு பேச்சுக்குத்தான், ஏனென்றால் ஆவுடைநாயகம் பேசுவதெல்லாம் சண்முகக்கனி வாசலில்தான் கேட்டது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டுமோ என்ற பயத்தில் ஆவுடைநாயகமே ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டார். 'மனுதாரர் கூடியவரை பேசாமலிருப்பது நலம்' என்ற குறிப்போடு மனு திரும்பி வந்தது. மாசானத்தால் மட்டும் தாங்க முடியவில்லை. "ஒரு பக்கம் இருந்து கேட்டப்பவே கஸ்டம் அண்ணாச்சி, இப்ப நாலு பக்கமும்லா" என்று கும்பிட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆவுடைநாயகத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உலகம்மாளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் குரலின் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

இதில் இன்னொன்றும் நடந்தது. கிழிந்த ஸ்பீக்கர்களுக்குப் பெரிய வார்த்தைகள் ஆகவில்லை. அவர் கையை உயர்த்தி, மூச்சை இழுத்து, "பொங்கிப் பெருகிப் புனலாய்ப் பாயும்" என்று தொடங்கினால் பேப்பர் படபடவென்று அடித்துக்கொண்டு வெறும் இரைச்சலாக வரும், "சோறு வடிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டால் தெளிவாகக் கேட்கும். ஆகவே ஆவணி பிறப்பதற்குள் ஆவுடைநாயகம் வீட்டில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேச ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உலகம்மாள் காப்பி டம்ளரோடு காரின் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வாள், அவர் உள்ளே கட்டிலில் படுத்தபடி, "இன்னைக்குப் பிள்ளேளு என்ன சொன்னுவ?" என்பார், அவள் சொல்வாள், அவர் "ம்" என்பார். அந்த 'ம்' மிக நன்றாகக் கேட்கும். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் 'ம்' சொல்லி அவள் கேட்டது அப்போதுதான்.

அவருக்கோ அது வாழ்வாகத் தெரியவில்லை, வனவாசமாகத் தெரிந்தது. மூன்று மாதமாக ஒரு மேடை இல்லை. கனவில்கூட நடுவர் அவர் பெயரை விட்டுவிட்டு நாலாவது ஆளைக் கூப்பிட்டார். புரட்டாசியில் தென்காசி வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தபோது, 'தாங்கள் காருடன் வரவும்' என்று அடியில் எழுதியிருந்ததை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டு, மறுநாளே உலகம்மாளை வண்டி எடுக்கச் சொல்லித் தென்காசியில் ஜெசிந்தாவின் கடைக்குப் போனார்.

ஜெசிந்தா கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறவள், நாற்பது வயதுக்காரி, வாயில் நாலு திருகாணிகளைக் கடித்துக்கொண்டே பேசுகிறவள். கதவின் அட்டையைப் பிரித்து, ஸ்பீக்கரை வயரோடு வெளியே எடுத்து, கவிழ்த்துப் பார்த்தாள். "பாத்தும்மா, அது என் குரல்" என்று அவர் சொன்னது அவள் உள்ளங்கையிலிருந்தே வந்தது. அவள் கட்டைவிரலால் பேப்பரை லேசாக அமுக்கினாள். ஆவுடைநாயகத்துக்கு இருமல் வந்தது.

"உள்ள கம்பிக் காயில் நல்லா இருக்கு சார். பேப்பர்தான் நைஞ்சிருக்கு, ஓரமும் போயிட்டு. இதுக்கே புதுப் பேப்பர் ஒட்டித் தரட்டா, இல்ல நாலையும் தூரப் போட்டுட்டுப் புதுசு மாட்டட்டா?"

"ஒட்டினா எப்பிடி இருக்கும்மா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"இப்ப இருக்கமாரியேதான் டீச்சர், கொஞ்சம் தெளிவா இருக்கும். மெதுவாப் பேசலாம். சத்தம் போட்டா பிஞ்சிரும்."

"புதுசுன்னா?" என்றார் அவர்.

"தேரோட்டம் மாரி இருக்கும் சார்."

உலகம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, கழற்றிய ஸ்பீக்கரை மடியில் வைத்து, அதன் ஓரத்துப் பொடியை முந்தானையால் துடைத்தாள். "ஒட்டிக்கிடலாமேங்க. இப்ப வீட்டுல பேசுதது நல்லாத்தான இருக்கு" என்றாள். ஆனால் அவர் அதற்குள் தேரை வடம்பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். "புதுசு" என்றார். கிழிந்த பேப்பரில் அது 'புர்ர்ர்சு' என்று, சபையில் சொல்லக்கூடாத ஒரு ஓசையாக வந்தது. அதைக் கேட்டபின் அவருடைய முடிவு இன்னும் உறுதியானது.

வயர்களைத் துண்டித்துப் புது ஸ்பீக்கர்களையும், சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய பெட்டியையும் மாட்டிய ஒரு மணி நேரம் அவருக்குக் குரலே இல்லை. கடையில் எல்லாரும் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். கடைசி வயரை முறுக்கியதும் அவர் "ஆஹா" என்றார். எதிர்க்கடையில் அடுக்கியிருந்த வளையல்கள் அத்தனையும் சலசலத்தன. மின்கம்பத்தில் இருந்த புறாக்கள் போனவை திரும்பி வர மறுநாள் ஆனது.

"இவ்வளவு பேசினா பேட்டரி தாங்காது சார்" என்று ஜெசிந்தா சொன்னது அந்த 'ஆஹா'வில் அடிபட்டுப் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்தில் கூட்டம். 'இல்லறம் சிறக்கக் காரணம் கணவனின் பொறுமையா, மனைவியின் பொறுமையா?' என்று தலைப்பு. ஆவுடைநாயகம் கணவன் பக்கம், மூன்றாவது ஆள். மேடைக்கு இடப்புறம், கூட்டத்தைப் பார்த்தபடி, நாலு கண்ணாடியும் இறக்கிய கான்டெஸா நின்றது. அதுவரை அவர் பேசுகிற ஒரு கூட்டத்துக்கும் உலகம்மாள் வந்ததில்லை. வீட்டில் கேட்பது போதும் என்று இருந்தவள். இப்போது வண்டி அவள் பொறுப்பு, வரவேண்டியதாயிற்று. ஸ்டியரிங் மேல் காலாண்டுப் பரீட்சைத் தாள்களை வைத்துக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார். நின்றதும், முன்வரிசையில் ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேர்க்கடலைப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான், முப்பது வருடப் பழக்கத்தில் தம்முடைய அந்த வழியை எடுத்துவிட்டார்.

அந்த வழி உலகம்மாள்தான். இலஞ்சியிலிருந்து திண்டுக்கல்வரைக்கும் அவர் பேசிய மேடை எல்லாவற்றிலும் ஆட்களை உட்காரவைத்தது அவள்தான்.

"என் வீட்டுக்காரி குறட்டை விட்டா, செங்கோட்டை வண்டி வந்துட்டுன்னு எங்க தெருவே பெட்டியத் தூக்கிட்டு ஓடும்யா!" என்று கான்டெஸா முழங்கியது. வேட்டிக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "அவ வச்ச சாம்பார ஒருநா நாய்க்கு ஊத்தினேன். அது குடிச்சிட்டு என்னையப் பாத்து அழுதுச்சு, 'முப்பது வருசமா எப்படிய்யா சமாளிக்க?'ன்னு!" மைதானம் சிரித்தது. "அவ உக்காந்து ஒடிஞ்ச நாற்காலியெல்லாம் சேத்தா ஒரு கல்யாண மண்டபத்துக்கு விறகு ஆகும்!" மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது, சிரித்துக்கொண்டே அந்த மனைவி எப்படி இருப்பாள் என்று பார்க்க ஆயிரம் தலைகளும் காரின் பக்கம் திரும்பின. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். உலகம்மாளின் முதுகுக்குப் பின்னாலிருந்தும், முழங்காலுக்கு அருகிலிருந்தும், நாலு பக்கமும் அவளுடைய புருஷன் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து அவளுடைய அம்மாவைப் பற்றி ஒன்று வந்தது, பீரோ சாவியை வைத்து. அந்த அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

சிவப்புப் பேனா நின்றது. உலகம்மாள் தாள்களை அடுக்கி நூல் கட்டிப் பக்கத்து சீட்டில் வைத்தாள். எட்டி எட்டி, நாலு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏற்றினாள். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மேடையில் ஆவுடைநாயகம் நின்றார், அவருடைய குரல் கடைவீதி வழியாகப் போனது. "உலகு! உலகு, நில்லுட்டீ! வெளாட்டுக்குச் சொன்னதுட்டீ! தென்காசி வாழ் வணிகப் பெருமக்களே, அந்த வண்டிய நிறுத்துங்க!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து அது தூரத்தில் தேய்ந்து தேய்ந்து ஒலிக்க, மைதானம் மேடையில் மீன்போல் திறந்து மூடிக்கொண்டிருந்த வாயைப் பார்த்தது. நடுவர் மணியடித்து நேரம் முடிந்தது என்றார். அப்போது எழுந்த கைதட்டலைப் போல அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த நிலையிலும் மனதுக்குள் ஒரு மூலை அது எத்தனை நேரம் நீடிக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததை, பிற்பாடு பஸ்ஸில் ஜன்னலோரம் ஊமையாக உட்கார்ந்து வரும்போது நினைத்து, அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கே முக்கூடலிலிருந்து போன் வந்தது. பேசியது சகலை நமச்சிவாயம், உலகம்மாளின் அக்கா பிரமுவின் வீட்டுக்காரர். "ஓய், அவ இங்கதான் இருக்கா. நீரும் இங்கதான் இருக்கீரு, வேப்பமரத்தடியில. இந்தப் போனுல என்னத்தையும் பேசாதயும், நீரு பேசுதது எனக்கு வாசல்ல கேக்கும். பதினஞ்சு நாளு பள்ளிக்கூடம் லீவாம். பிறகு பாத்துக்கிடலாம்ங்கா. வச்சிரட்டா?"

ஆவுடைநாயகம் ரிசீவரை வைத்துவிட்டு, ஆளில்லாத வீட்டைப் பார்த்தார். முக்கூடலில் இப்போது தன் குரலை யார் கேட்கிறார்கள், அவள் கேட்கிறாளா, இல்லை கோழிகள்தான் கேட்கின்றனவா என்று தெரிய வழியில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக முகம் தெரியாத சபை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோபமாகப் பேசினார். ஆயிரம் பேர் முன்னால் மானம் போனது பற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் அங்குமிங்கும் நடந்து, சுவரில் இருந்த காலண்டரைச் சுட்டிக்காட்டிப் பேசினார். திங்கட்கிழமை விளக்கமாகப் பேசினார். நகைச்சுவை என்பது என்ன, அதன் வகைகள் யாவை, மேடையில் வரும் மனைவி வேறு, வீட்டு மனைவி வேறு என்று மூன்று மணி நேரம் நிறுவினார். நிறுவி முடித்ததும் பசித்தது. செவ்வாய்க்கிழமை அவருக்குப் பேச்சு வேறுவிதமாக வந்தது. "உலகு, புளி எந்த டப்பாவுல இருக்கு? கறுப்பு மூடியா? இது சீயக்காயில்லா. அரிசிக்கு எவ்வளவு தண்ணி? இங்கரு, பொங்கிட்டு. பொங்கிட்டு உலகு. அணைக்கது எப்படி?"

புதன்கிழமை காலையில், அடிப்பிடித்த பானைக்கு முன்னால் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கையை ஆட்டாமல், எழுந்து நிற்காமல், அவர் கொஞ்சம் பேசினார். குறட்டை விடுவது தான்தான் என்றும், அதைத் தாங்காமல்தான் அவள் இருபது வருடமாகக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள் என்றும் சொன்னார். நாற்காலி ஒடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதில் ஏறி நின்று பேசிப் பழகியது தான்தான் என்றார். காய்கறிக்காரி ஒருத்தி அவளிடம் "டீச்சர், குறட்டைக்குத் தேன் நல்லது" என்று சொன்னபோது பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்காமல், தன் பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று பூரித்ததைச் சொன்னார். அத்தை நல்ல மனுஷி, பீரோவை அவள் தொட்டதில்லை என்றார். "நான் மூணாவது ஆளு உலகு. எந்திரிச்சுப் போறவங்கள நிறுத்த என்கிட்ட வேற ஒண்ணுமில்ல. உன்னையத்தான் எடுத்துப் போட்டேன்." சொல்லி முடித்ததும், இதுவரை பேசியதிலேயே இதுதான் நல்ல பேச்சு என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானம்வரை போன் அடிக்கும் என்று காத்திருந்தார். சாயங்காலம்வரை காத்திருந்தார். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

முக்கூடலில் பிரமு வீட்டு வேப்பமரத்தடியில் கான்டெஸாவைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருத்தி, "இன்னா வந்துட்டாருல்லா! ஏளா, ரேடியோக்காரரு வந்துட்டாரு!" என்றாள். விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை முதல் அந்தத் தெருவே அங்கே இடம் மாறியிருந்தது. முதல் நாள் கோபத்தில் அவர்கள் உலகம்மாள் கட்சி. இரண்டாம் நாள் விளக்கத்தில் பாதிப் பேர் தூங்கி, பீடிக் கட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. மூன்றாம் நாள் சோறு பொங்கியபோது எல்லாரும் சேர்ந்து காரைப் பார்த்து "தீயக் குறைங்க! தீயக் குறைங்க!" என்று கத்தியிருக்கிறார்கள், அது அவருக்குக் கேட்கவில்லை.

"பொங்கின சோறு என்னாச்சுய்யா?" என்று ஒரு வயதான பெண் ஆர்வமாகக் கேட்டாள். "அதுக்குள்ள நின்னு போச்சே!"

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். காரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"பேட்டரி போயிட்டு" என்று வாசலிலிருந்து உலகம்மாள் சொன்னாள். "செவ்வாக்கெழமை சாயங்காலத்தோட போயிட்டு."

அவர் விரல்விட்டு எண்ணினார். ஞாயிறு கேட்டிருக்கிறது, திங்கள் கேட்டிருக்கிறது, சீயக்காய் கேட்டிருக்கிறது. புதன்கிழமை பேசிய அந்த ஒரே நல்ல பேச்சு அடிப்பிடித்த பானைக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு, காரைக் காட்டினார், தன் தொண்டையைக் காட்டினார், கையைப் பிசைந்தார். நோட்டும் பென்சிலும் கொடுக்கலாமா என்று நமச்சிவாயம் கேட்டதற்கு உலகம்மாள் தலையாட்டி மறுத்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

அவர் தள்ளினார். சொல்மாரி ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி, எலிக்கலர் கான்டெஸாவின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார். வண்டி அசையவில்லை. பன்னிரண்டு பெண்களும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து சேர்ந்து தள்ளினார்கள். ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில் வண்டி உருண்டு, இரண்டாவது கியரில் குலுங்கி, புகைவிட்டு, எஞ்சின் பிடித்துக்கொண்டது; பிடித்த அதே கணம் அவருடைய குரல் திரும்பி வந்து முக்கூடல் முழுவதும் கேட்கும்படி, "அய்யோ எம் மூட்டு!" என்றது.

அவர் ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை சொன்னதை மறுபடி சொல்லத் தொடங்கினார், ஆனால் அது அப்படி வரவில்லை. திக்கியது, இடம் மாறியது, அத்தைக்கு முன்னால் நாற்காலி வந்தது. "முந்தாநேத்து இதவிட நல்லாச் சொன்னேன் உலகு" என்றார். நேற்றைத்தான் அவர் முந்தாநேத்து என்றார், அவ்வளவு பதற்றம்.

உலகம்மாள் கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்: "கடைக்குப் போனா சிரிப்பாளுவ. பள்ளிக்கொடத்துல ஸ்டாஃப் ரூமுக்குள்ள நுழைஞ்சா பேச்ச நிறுத்திட்டுச் சிரிப்பாங்க. முப்பது வருசமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஊரு உங்களப் பாத்துச் சிரிக்குன்னு நெனச்சேன். பாவம் மனுசன், அவருக்கு அது தெரிய வேண்டாம்னு, ஒருநா கூட உங்ககிட்ட நான் சொன்னதில்ல."

நாலு புது ஸ்பீக்கர்களிலும் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"குறட்டை விடுதது நான்தான்" என்றார் கடைசியில், மிக மெதுவாக.

"அது எனக்குத் தெரியாதா?" என்று உலகம்மாள் சொன்னாள். "ஊருக்குல்லா தெரியணும்."

அவள் கண்ணாடியை இறக்கினாள். எட்டி அவர் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள். பாட்டுப்பெட்டியின் சத்தக் குமிழை முழுக்கத் திருகினாள். "புதுசு மாட்டினது நல்லதாப் போச்சு" என்றாள்.

முதலில் வேப்பமரத்தடி. "குறட்டை விடுவது நான். நாற்காலியை ஒடித்தது நான். சாம்பாரில் குறையில்லை. என் மாமியார் பீரோவைத் தொட்டதில்லை" என்று அவர் சொன்னார். பெண்கள் கைதட்டினார்கள், பழக்கதோஷத்தில் அவர் கும்பிட்டார். ஆலங்குளத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே, கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்ததைக் கண்டதும், "பேரன்புமிக்க ஆலங்குளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, மலையெல்லாம் தேன் சொரியும்" என்று ஆரம்பித்தார். உலகம்மாள் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினாள். அவர் வாய் ஒரு நிமிஷம் காற்றில் தேன் சொரிந்துவிட்டு நின்றது. அவள் மறுபடி ஏற்றினாள். "அது இல்லாம" என்றாள். பாவூர்சத்திரத்தில் நாலே வாக்கியம். தென்காசி மைதானத்தில் பந்தலைப் பிரித்துப் போயிருந்தார்கள், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் அவள் விடவில்லை, ஆடுகளிடமும் சொல்லவைத்தாள், பிறகு கடைவீதியில் ஒவ்வொரு கடை முன்பும் நிறுத்திச் சொல்லவைத்தாள். வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "இது சனிக்கிழமை பேசினத விட நல்லாருக்கு" என்றார்.

சுரண்டைக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டதால் தெருவே வெளியில் நின்றது. அவர் சொல்லி முடித்தார். இதற்குள் நாக்கு உலர்ந்திருந்தது; முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, இனி மூன்றாவதாக எழுந்து நின்றால் சொல்ல ஒன்றுமில்லை என்பது ஒரு காலிப் பாத்திரம்போல் அவருக்குள் இருந்தது. சண்முகக்கனி குனிந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மன்னிச்சாச்சா?" என்று கேட்டார்.

உலகம்மாள் புருஷன் பக்கம் திரும்பி, "ராஜபாளையத்துல எத்தன மேடை?" என்றாள்.

அவர் யோசித்தார். "ஒரு நாப்பது இருக்கும்."

"கோயில்பட்டி?"

"அதுலயும் ஒரு முப்பது."

"லீவு இன்னும் பத்து நாளு இருக்கு" என்றாள் உலகம்மாள், கியரைப் போட்டுக்கொண்டே.

லீவு முடிந்த பிறகு சனி, ஞாயிறுகளில் போனார்கள், போய்க்கொண்டிருக்கிறார்கள். சங்கரன்கோவில் முடிந்தது, ராஜபாளையம் முடிந்தது, விருதுநகரில் ஒரு தெருவில் இரண்டாம் தடவையும் வந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், உலகம்மாள் ஒருதடவை போதும் என்றுவிட்டாள். இந்தக் கதையைச் சொல்லும்போது வண்டி திருமங்கலத்தைத் தாண்டியிருக்கிறது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே, ஆளில்லாத ரோட்டில், அவள் கண்ணாடிகளை ஏற்றிக் குமிழை மிகவும் குறைத்து வைத்துவிடுகிறாள். அப்போது அவர் ஏதோ சொல்கிறார், அவள் ஏதோ சொல்கிறாள், சில சமயம் அவள் சிரிக்கிறாள், அது வேறு யாருக்கும் கேட்பதில்லை. கைதட்ட ஒருத்தரும் இல்லையே என்று முதல் சில வாரங்கள் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.